பெரியப்பாவின் நூலுக்குப் பக்கம் கட்டினேன்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் பெரியப்பா ஒரு பென்டிரைவை என் கையில் வைத்தார். அதில் இருந்தது ஒரே ஒரு வேர்ட் கோப்பு. சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தின் குடியிருப்பில் அவர் வளர்ந்தது, அங்கேயே எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தது, 1971இன் இறுதிக்குள் பிரிட்டிஷ் படைகள் விலகிச் சென்றபோது அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானது என்று 118 பக்கங்களுக்குத் தம் நினைவுகளை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். "டைப் எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா, நீ புத்தக சைஸுக்கு மாத்திக் கொடுத்தா போதும்" என்றார். அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அறிக்கைகளையும் கூட்டக் குறிப்புகளையும் வேர்டிலேயே தயாரித்து வருபவள் என்பதால், ஒரு வாரயிறுதியில் முடித்துவிடலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் பெரும்பகுதி எதில் கழிந்தது என்பதைத் தமிழில் நூல் தட்டச்சு செய்பவர்களுக்காக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் வேலையாக, லேஅவுட் பகுதிக்குச் சென்று தாளின் அளவை ஏ5 என்று மாற்றினேன். அப்போதுதான் கோப்பு ஏ4 அளவிலேயே இல்லை என்று தெரிந்தது. அவர் எங்கிருந்தோ தரவிறக்கிய ஓர் அமெரிக்க மாதிரிக் கோப்பின்மேல் எழுதத் தொடங்கியிருக்கிறார். அது லெட்டர் எனப்படும் தாள். ஏ4ஐ விட 6 மில்லிமீட்டர் அகலம் கூடுதல், 18 மில்லிமீட்டர் உயரம் குறைவு. சிங்கப்பூரில் எந்தக் கடையிலும் எந்த அலுவலகத்திலும் ஏ4தான் புழங்குகிறது என்பதால், இத்தனை நாளும் அவர் வீட்டு அச்சுப்பொறி ஒவ்வொரு முறையும் தாள் பொருந்தவில்லை என்று ஏன் முரண்டு பிடித்தது என்பது அன்றைக்கு விளங்கியது.

அது சிறிய விஷயம். தாளை ஏ5 ஆக்கியதும் திரையில் தெரிந்ததைக் கண்டுதான் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு முழு வரி, அடுத்து ஓர் அரை வரி, மீண்டும் ஒரு முழு வரி, மீண்டும் ஓர் அரை வரி என்று பக்கம் முழுவதும் பல் விழுந்த வாய்போல இருந்தது. பழைய தாளில் எழுத்து ஓடிய அகலம் ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். ஏ5 தாளின் 148 மில்லிமீட்டரில் உட்புற ஓரத்துக்கு 20ஐயும் வெளிப்புற ஓரத்துக்கு 16ஐயும் விட்டபின் எஞ்சுவது 112. பத்தி என்பது ஒன்றாக ஓடும் வரிகளாக இருந்திருந்தால், புதிய அகலத்துக்கு ஏற்ப அது தானாகவே மடிந்து அமர்ந்திருக்கும். பெரியப்பாவோ ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் விசையைத் தட்டியிருந்தார். வேர்டின் கணக்கில் அவருடைய நூலில் பத்திகளே இல்லை. ஒரு வரியே நீளமுள்ள நாலாயிரத்துச் சொச்சம் பத்திகள் இருந்தன.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தட்டச்சு கற்றது இயந்திரத்தில். வலப்பக்க ஓரம் நெருங்கும்போது அந்த இயந்திரம் மணி அடிக்கும். அடித்ததும் கைப்பிடியைத் தள்ளி உருளையை அடுத்த வரிக்குக் கொண்டுபோவது தட்டச்சரின் கடமை. அலுவலகத்தில் ஆங்கிலமும், மாலையில் தம் சங்கத்தின் சுற்றறிக்கைகளுக்காகத் தமிழும் அடித்தவர் அவர். தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர் என்பதை ஒவ்வொரு விருந்திலும் ஒருமுறையாவது பெருமையோடு சொல்லிவிடுவார். வரி முடிந்தால் கையால் திருப்பு, பத்தி தொடங்கினால் ஐந்து இடம் தள்ளு, தலைப்பை நடுவில் வைக்க எழுத்துகளை எண்ணிப் பாதியைக் கழி என்ற மூன்று பழக்கங்களும் அவர் விரல்களில் ஊறியிருந்தன. கோப்பிலும் அவை அப்படியே இருந்தன: வரி முடிவில் என்டர், பத்தித் தொடக்கத்தில் ஐந்து ஸ்பேஸ், தலைப்புக்கு முன்னால் இருபத்தேழு ஸ்பேஸ், புதிய அத்தியாயத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவதற்காகப் பதினெட்டு என்டர்.

இப்படிப்பட்ட கோப்பு கையில் வந்தால் முதலில் செய்ய வேண்டியது, ஹோம் பகுதியில் இருக்கும் பத்திக் குறியை அழுத்துவது. இடவலம் மாறிய ஆங்கில பி எழுத்தைப் போன்ற குறி அது. அதை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவை எல்லாம் வெளிப்படும்: ஸ்பேஸ் ஒவ்வொன்றும் ஒரு சிறு புள்ளியாக, டேப் ஓர் அம்பாக, என்டர் அந்தத் திரும்பிய பி ஆக. பலர் இக்குறிகளைக் கண்டதும் ஏதோ கெட்டுவிட்டது என்று பதறி உடனே அணைத்துவிடுகிறார்கள். நான் அவற்றை அணைப்பதே இல்லை. ஒரு பத்தியின் உள்ளிழுப்பு, முன்பின் இடைவெளி, வரிகளுக்கிடையே உள்ள அளவு, எந்தப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும் என்பது ஆகிய அனைத்தையும் வேர்ட் அந்தத் திரும்பிய பி குறிக்குள்தான் வைத்திருக்கிறது. அந்தக் குறியை அழித்துவிட்டு, பத்தி ஏன் திடீரென்று உருமாறிவிட்டது என்று கேட்பவர்களை அலுவலகத்தில் வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

நாலாயிரம் என்டர்களைக் கையால் நீக்க முடியாது. தேடி மாற்றும் வசதியில் கூரைக் குறியையும் அதை அடுத்துச் சிறிய பி எழுத்தையும் இட்டால், வேர்ட் அதைப் பத்தி முடிவு என்று புரிந்துகொள்ளும். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் ஸ்பேஸாக மாற்றினால் நூல் முழுவதும் ஒரே பத்தியாகிவிடும் என்பதால் வரிசை முக்கியம். பெரியப்பா உண்மையான பத்தி முடிவுகளில் இரண்டு என்டர் தட்டியிருந்தது என் நல்ல காலம். முதலில் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, இரட்டை என்டர்களை எல்லாம் நூலில் எங்குமே வராத ஒரு குறியாக மாற்றினேன். இரண்டு அட் குறிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினேன். அடுத்து, எஞ்சிய ஒற்றை என்டர்களை ஸ்பேஸாக மாற்றினேன். கடைசியாக அட் குறிகளை மீண்டும் ஒற்றை என்டராக்கினேன். பிறகு இரண்டு ஸ்பேஸ்களை ஒன்றாக்கும் கட்டளையை, மாற்றுவதற்கு இனி எதுவும் இல்லை என்று வேர்ட் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில், பழைய தாளின் கணக்கில் 118 பக்கம் 81 ஆகச் சுருங்கியது. அன்று இரவு நான் கொஞ்சம் தலைகனத்தோடுதான் தூங்கினேன்.

மறுநாள் இரண்டு சேதங்கள் தெரியவந்தன. பெரியம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவர் எழுதிய எட்டு வரிக் கவிதை, முன்னும் பின்னும் இருந்த உரைநடையைப் போலவே ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கவிதை வரிகளின் முடிவிலும் ஒற்றை என்டர்தானே இருந்தது; கட்டளைக்கு வேற்றுமை தெரியாது. பழைய படியிலிருந்து அதை எடுத்து மீண்டும் இட்டேன். இந்த முறை வரி முடிவுகளில் ஷிஃப்ட் விசையோடு சேர்த்து என்டரைத் தட்டினேன். அப்படிச் செய்தால் வரி மாறும், பத்தி முடியாது. கவிதை முழுவதும் ஒரே பத்தியாக இருப்பதால், அதற்கென்று ஓர் இடைவெளியும் உள்ளிழுப்பும் கொடுத்தால் எட்டு வரிகளும் சேர்ந்தே நகரும்.

இரண்டாவது சேதம் தமிழுக்கே உரியது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை வரி முடிவில் உடைத்தால் இணைப்புக் குறி இட வேண்டும். தமிழில் அந்த வழக்கம் இல்லை. நம் அச்சகத்தார் எந்த எழுத்திலும் சொல்லை உடைத்துக் குறி எதுவும் இல்லாமல் அடுத்த வரியில் தொடர்வார்கள், புதிய வரி புள்ளியெழுத்தில் தொடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்வார்கள். பெரியப்பாவும் இயந்திரத்தில் அப்படியே பழகியவர். ஆகவே நான் என்டரை ஸ்பேஸாக மாற்றிய இடங்களில் எல்லாம் 'துறைமுகத் தில்', 'சாப்பிட்டுக்கொண் டிருந்தோம்', 'செம்ப வாங்' என்று சொற்கள் நடுவில் பிளந்து நின்றன. எந்த வரி முடிவில் முழுச் சொல் முடிந்தது, எந்த முடிவில் பாதிச் சொல் உடைந்தது என்று கண்டுபிடிக்க எந்தக் கட்டளையும் இல்லை. வரிவரியாகப் படித்து ஏறத்தாழ அறுநூறு இடங்களைக் கையால் இணைத்தேன். நான்கு மாதங்களில் ஒரு மாதம் இதற்கே போயிற்று. எம்ஆர்டி ரயிலில் புவன விஸ்தாவிலிருந்து டோபி காட்வரை தினமும் மூன்று பக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

இனி ஸ்டைல். வேர்டில் பெரும்பாலோர் கண்டும் காணாமல் விட்டுவிடும் பகுதி இதுதான் என்பது என் எண்ணம். தலைப்பு ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்துத் தடிப்பாக்கி, பெரிதாக்கி, நடுவில் வைப்பதற்குப் பதிலாக, அந்த மூன்றையும் ஒரு பெயரின் கீழ் ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால், பிறகு தலைப்பின்மேல் அந்தப் பெயரை இட்டால் போதும். நூல் முழுவதும் உள்ள தலைப்புகளின் அளவைக் குறைக்க வேண்டுமானால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். உரைநடை, கவிதை, படக்குறிப்பு, மேற்கோள் என்று நான்கு ஸ்டைல்களை நானே உருவாக்கினேன். அத்தியாயத் தலைப்புக்கு மட்டும் சொந்தப் பெயர் வைக்காமல் வேர்டிலேயே இருக்கும் ஹெடிங் 1 ஸ்டைலை எடுத்து அதன் தோற்றத்தை மாற்றிக்கொண்டேன். பொருளடக்கம் தானாக உருவாவதற்கு வேர்ட் அதைத்தான் முதலில் தேடுகிறது; மேலும் தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நின்றுவிடாமல் அடுத்த பத்தியோடு சேர்ந்தே நகர வேண்டும் என்ற ஏற்பாடும் அதற்குள் முன்பே இருக்கிறது.

இங்கே தமிழர்களை மட்டும் குப்புறத் தள்ளும் ஒரு குழி இருக்கிறது. உரைநடை ஸ்டைலில் எழுத்தின் அளவை 11 பாயின்ட் என்று மாற்றினேன். ஆண்டுகளும் ஆங்கிலச் சொற்களும் மாறின, தமிழ் அசையவில்லை. மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். வேர்ட் தமிழைக் கூட்டு வடிவ எழுத்து வகையில், அரபு, தேவநாகரி முதலியவற்றோடு சேர்த்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் ஆங்கில எழுத்துக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு, ஒரு தடிப்பு. கூட்டு வடிவ எழுத்துக்கு வேறோர் எழுத்துரு, வேறோர் அளவு, வேறொரு தடிப்பு. ஸ்டைலை மாற்றும் பெட்டியில் லத்தீன் என்று இருக்கும் சிறு பட்டியலைக் காம்ப்ளக்ஸ் என்று மாற்றிவிட்டு அளவைக் கொடுத்தால்தான் தமிழ் கேட்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர், ஸ்டைல் தமிழுக்கு வேலை செய்யாது என்று முடிவு கட்டி, மீண்டும் பத்தி பத்தியாகத் தேர்ந்தெடுத்து மாற்றும் பழக்கத்துக்கே திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எண்களும் லத்தீன் கணக்கில்தான் வருகின்றன. '1968ஆம் ஆண்டு' என்பதில் எண் ஓர் எழுத்துருவிலும் 'ஆம்' வேறோர் எழுத்துருவிலும் அமைந்து, எண் மட்டும் ஒல்லியாகவும் குட்டையாகவும் தெரிந்தால் காரணம் இதுதான். இரண்டு பக்கமும் நிர்மலா யூஐ எழுத்துருவையே வைத்தேன். அதில் ஆங்கில எழுத்துகளும் இருப்பதால் இரண்டும் இசைந்து நின்றன.

வரிகளுக்கிடையே உள்ள அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேர்ட் 2013 முதல் வந்த பதிப்புகளில் புதிய கோப்பைத் திறந்தால் வரி இடைவெளி 1.08 மடங்கு என்றும், பத்திக்குப் பின் 8 பாயின்ட் என்றும் இருந்தது. அவை ஆங்கிலக் கடிதங்களுக்கு ஏற்ற அளவுகள். தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் நீள்வது. 'கீ' எழுத்தின் மேற்சுழியும், அதற்கு மேல்வரியில் 'ளு' எழுத்தின் கீழ்க்காலும் நேருக்கு நேர் வந்தால் ஒன்றையொன்று தொட்டுவிடும்போல் இருக்கும். அதற்காக 1.5 மடங்கு என்று வைப்பது வழக்கம். பெரியப்பாவும் அப்படித்தான் வைத்திருந்தார். ஆனால் மடங்கு என்பது எழுத்துருவின் உயரத்தைப் பெருக்குவது. ஒரே வரியில் இரண்டு எழுத்துருக்கள் கலந்தால் எதன் அளவு கூடுதலோ அதையே வேர்ட் எடுத்துக்கொள்ளும். பெரியப்பாவின் நூலில் டாக்யார்ட் கேட், பஸ் எண்கள், மேலதிகாரிகளின் பட்டப்பெயர்கள் என்று ஆங்கில எழுத்து இல்லாத பக்கமே இல்லை. அவர் கோப்பில் அவை வேறோர் எழுத்துருவில் இருந்ததால் ஒரு வரி நெருங்கியும் அடுத்த வரி விலகியும், பத்தி மூச்சுத் திணறுவதுபோல் ஏறி இறங்கியது.

ஆகவே மடங்கைக் கைவிட்டு, எக்ஸாக்ட்லி என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதில் நாம் கொடுக்கும் அளவை வேர்ட் அப்படியே பின்பற்றும். எந்த எழுத்துரு வந்தாலும் வரி அசையாது. முதலில் 13 பாயின்ட் வைத்தேன். 'கீ', 'றீ' ஆகியவற்றின் தலைகள் திரையில் வெட்டுப்பட்டன. 15இல் வெட்டு நின்றது, ஆனால் பக்கம் கறுத்துப் போயிருந்தது. 17இல் கண்ணுக்கு இதமாக இருந்தது. ஏ5 தாளின் 210 மில்லிமீட்டர் உயரத்தில் மேலும் கீழும் 20 விட்டால் 170 மில்லிமீட்டர் எஞ்சும். அது ஏறத்தாழ 482 பாயின்ட். 17ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 28 வரி. தலைப்புக்கு முன் 34, பின் 17 என்று இடைவெளியையும் 17இன் மடங்காகவே வைத்துக்கொண்டேன். அப்போதுதான் விரித்த நூலில் இடப்பக்கத்து வரியும் வலப்பக்கத்து வரியும் ஒரே கோட்டில் நிற்கும். தாள் மெல்லியதாக இருந்தாலும் பின்பக்கத்து வரிகள் முன்பக்கத்து வரிகளின் முதுகிலேயே ஒளிந்துகொள்ளும். நல்ல அச்சுக்கூடத்தில் பக்கம் கட்டியவர்கள் இதைக் கண்ணாலேயே செய்தார்கள்.

பத்திகளுக்கு நடுவே இடைவெளி, பத்தித் தொடக்கத்தில் உள்ளிழுப்பு ஆகிய இரண்டில் ஒன்று போதும் என்பது என் கட்சி. கதைபோல ஓடும் எழுத்துக்கு உள்ளிழுப்பு. அலுவலகச் சுற்றறிக்கைக்கு இடைவெளி. இரண்டையும் சேர்த்து வைப்பது வேட்டிக்கு மேல் பெல்ட்டும் கட்டி, அதன்மேல் கயிறும் கட்டுவது. 17 பாயின்ட் வரிக்கு 6 மில்லிமீட்டர் உள்ளிழுப்பு சரியாக இருந்தது.

எக்ஸாக்ட்லி அமைப்புக்கு ஒரு விலை உண்டு. அதை நான் பெரியப்பாவுக்கு முன்னால் கொடுத்தேன். சரிபார்ப்பதற்காக முதல் படியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டிக்கொண்டே வந்தவர், 46ஆம் பக்கத்தில் நின்றார். 1968இல் கப்பல் பட்டறையின் வாசலில் தம் நண்பர்கள் ஐவரோடு அவர் எடுத்துக்கொண்ட படம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வரியின் உயரத்துக்கு ஐந்து ஜோடி சப்பாத்துகளும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் மட்டும் இருந்தன. "செருப்பு போட்டவன் நான்தான்" என்றார். வரி 17 பாயின்ட்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், எழுத்தோடு எழுத்தாக வைக்கப்பட்ட படத்தையும் வேர்ட் அந்த 17 பாயின்டுக்குள் அடக்கி, மீதியை மறைத்துவிட்டது. படம் நிற்கும் பத்திக்கு மட்டும் சிங்கிள் என்ற வரி இடைவெளியோடு தனி ஸ்டைல் ஒன்றை உருவாக்கி இட்டதும் நண்பர்கள் தலையோடு திரும்பி வந்தார்கள்.

இருபுறமும் சமமாக நிறுத்தும் ஜஸ்டிஃபை அமைப்பைப் பற்றி எனக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு வாரம் வழக்கு நடந்தது. அவருக்கு நூல் என்றால் இரண்டு ஓரமும் அளவுகோல் வைத்ததுபோல் இருக்க வேண்டும். எனக்கும் ஆசைதான். ஆனால் 112 மில்லிமீட்டர் வரியில், 11 பாயின்டில், தமிழ்ச் சொற்கள் ஐந்தோ ஆறோதான் அமரும். 'நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல் வரி முடிவில் இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தாவினால், பின்தங்கிய மூன்று சொற்களும் இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டப்பட்டு, நடுவில் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுகிறது. அதை மூட மூன்று குறுக்குவழிகள் உண்டு. மூன்றையும் நான் செய்து பார்த்துக் கைவிட்டிருக்கிறேன். சொல்லை ஸ்பேஸ் இட்டுக் கையால் உடைத்தால், முன்னால் ஒரு சொல் கூடியதும் அந்த உடைப்பு வரி நடுவுக்கு வந்துவிடும். அறுநூறு இடங்களை ஒட்டியவளுக்கு மறுபடி அந்தப் பாவம் வேண்டாம். எழுத்துகளுக்கிடையே உள்ள நெருக்கத்தைக் கூட்டிக் குறைத்தால் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகி அந்நியமாகத் தெரியும். மூன்றாவது வழிதான் மிகவும் மயக்குவது: 'எழுதிக்கொண்டிருந்தேன்' என்பதை 'எழுதிக் கொண்டிருந்தேன்' என்று பிரித்துவிடலாம், இரண்டும் வழக்கில் உள்ளவைதானே. ஆனால் ஒரே நூலில் ஒரு பக்கத்தில் சேர்த்தும் அடுத்த பக்கத்தில் பிரித்தும் வந்தால், எழுதியவருக்குத் தமிழில் நிலையில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். பக்கத்தின் வசதிக்காக எழுத்தாளரின் சொல்லில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. பெரியப்பா எல்லா இடத்திலும் பிரித்தே எழுதுவது என்று தாமே முடிவு செய்தார்; அது சந்துகளில் பாதியை மூடியது. உரைநடை சமமாக நிற்கட்டும், படக்குறிப்பும் மேற்கோளும் இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்கட்டும் என்று உடன்பட்டோம்.

அச்சுக்குக் கொடுக்கும்போது நடந்த ஒரு சிறு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சோதனைப் படிக்காகக் கோப்பை வேர்டாகவே கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த கணினியில் என் எழுத்துரு இல்லை. அது வேறொன்றை வைத்துக்கொண்டது. 172 பக்க நூல் அங்கே 179 பக்கமாகத் திறந்தது. பொருளடக்கத்தில் உள்ள எண் ஒன்று, அத்தியாயம் நிற்கும் பக்கம் வேறொன்று. தவறு முழுவதும் என்னுடையது. பிடிஎஃப் ஆக மாற்றினால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே சேர்ந்து போகும். பக்கம் எந்தக் கணினியிலும் அசையாது. பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் பொருளடக்கத்தின்மேல் ஒருமுறை எஃப்9 விசையைத் தட்டிப் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும். அது தானாக உருவாகுமே தவிர, தானாகவே புதுப்பித்துக்கொள்ளாது.

172 பக்கம் என்றேன். அதில்தான் கடைசி வழக்கு. ஒவ்வோர் அத்தியாயமும் வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படை எண்ணில், தொடங்க வேண்டும் என்று நான் பதினான்கு அத்தியாயங்களுக்கும் முன்னால், கோப்பைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்கவைக்கும் ஆட் பேஜ் வகைச் செக்‌ஷன் பிரேக் இட்டிருந்தேன். பக்கத்தின் தலையில் அந்தந்த அத்தியாயத்தின் பெயர் வர வேண்டும் என்பதும் ஒரு காரணம். செக்‌ஷன் பிரித்தால்தான் தலைப்பகுதியை வேறுபடுத்த முடியும் என்று நம்பியிருந்தேன். ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பகுதியை மாற்றினால் ஆறும் ஏழும் சேர்ந்து மாறின. முந்தையதோடு இணைக்கும் லிங்க் டு பிரீவியஸ் விசையை ஒவ்வொரு செக்‌ஷனிலும் தேடிப்போய் அணைத்தேன். இவ்வளவு பாடுபட்டு நான் கொடுத்த படியைப் பார்த்துவிட்டு, பெரியப்பா ஒரு தாளில் எட்டு எண்களை எழுதி நீட்டினார். எல்லாம் வெற்றுப் பக்கங்கள். "ஒண்ணுமில்லாத பக்கத்துக்கும் காசு கொடுக்கிறோமேம்மா" என்றார். நூலின் மரபு, கண்ணுக்கு ஓய்வு என்று நான் சொன்ன எதுவும் அவரிடம் எடுபடவில்லை.

பதினான்கு செக்‌ஷன்களையும் கலைக்கும்போதுதான், அவை தொடக்கத்திலிருந்தே தேவைப்படவில்லை என்பதைக் கண்டேன். ஹெடிங் 1 ஸ்டைலுக்குள்ளேயே, தலைப்புக்கு முன் பக்கம் மாற வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் அத்தியாயம் எப்போதும் புதிய பக்கத்தில் தொடங்கும். தலைப்பகுதியில் ஸ்டைல்ரெஃப் என்ற புலத்தை இட்டு ஹெடிங் 1ஐக் காட்டிவிட்டால், அந்தந்தப் பக்கத்துக்குரிய அத்தியாயப் பெயரை வேர்ட் தானே எடுத்து எழுதிக்கொள்ளும். இரண்டு வாரம் லிங்க் டு பிரீவியஸ் விசையோடு மல்லாடியவளுக்கு இது முப்பது விநாடி வேலையாக முடிந்தது. பெரியப்பாவின் இருபத்தேழு ஸ்பேஸைப் பார்த்து நான் சிரித்ததும் அப்போது நினைவுக்கு வந்தது.

முன்பகுதிக்குப் பக்க எண் வேண்டாம், முதல் அத்தியாயத்தில்தான் எண் 1 தொடங்க வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு செக்‌ஷன் பிரேக்கை மட்டும் விட்டுவைத்தேன். நூல் 164 பக்கத்தில் வந்து நின்றது. திருத்திய படியை மீண்டும் காட்டியபோது பெரியப்பா முதல் சில தாள்களைப் புரட்டினார். பெரியம்மாவுக்குக் காணிக்கை என்று எழுதி, அந்த எட்டு வரிக் கவிதையையும் முன்பகுதியிலேயே வைக்கச் சொல்லியிருந்தார். அதன் எதிர்ப்பக்கத்தில் முன்னுரை தொடங்கியிருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு எதிர்ப்பக்கம் மட்டும் வெறுமையா இருக்கட்டும்மா" என்றார். அங்கே ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்தேன். அதன் முதுகில் முன்னுரை தொடங்கியது.